வட்டிக்குப் பாதி வீடு

"வீட்டைக் கட்டிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொன்னது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கையில் பாதிப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர்களைக் கேட்டால், சிலர் மனைவியின் நகையைச் சொல்வார்கள். சிலர் சீட்டைச் சொல்வார்கள். இன்னும் சிலர் சற்றுத் தணிந்த குரலில், "முன்கட்டிலே இருக்கிறார்களே, அவர்கள் கொடுத்ததுதான்" என்பார்கள்.

இந்த மூன்றாவது வகையாரைப் பற்றித்தான் நான் எழுத நினைப்பது. அவர்கள் செய்யும் காரியம் எளியது. வீட்டை இரண்டு கட்டாகக் கட்டுகிறார்கள். ஒன்றில் தாங்கள் இருந்துகொண்டு, மற்றதை வேறொரு குடும்பத்துக்கு விடுகிறார்கள். வருகிறவர் ஒரு பெருந்தொகையை ஒரே தடவையில் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு அவர் மாத வாடகை கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் அந்தப் பணத்துக்கு வட்டி கொடுப்பதில்லை. இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து, பேசிய கெடு முடிந்ததும் பணம் முழுசாகத் திரும்புகிறது, வீடு காலியாகிறது. இதற்குப் போக்கியம் என்றும் ஒற்றி என்றும் பெயர். பேச்சில் போகியம், ஒத்தி. இப்போது படித்தவர்கள் 'லீஸ்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சமாசாரம் ஒன்றுதான்: வட்டிக்குப் பதிலாகப் பாதி வீடு.

இந்த வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உண்டு. ஆனாலும் இதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவது நல்லது என்பது என் எண்ணம். வில்லியனூரிலும் பாகூரிலும் இது இரண்டு ராஜாங்கங்களின் சட்டங்களுக்கு நடுவே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

* * *

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

'போக்கியம்' என்பது அனுபவிக்கத் தக்கது என்ற பொருளுள்ள வடசொல். தர்மசாஸ்திரக்காரர்கள் ஈட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பூட்டிப் பத்திரமாக வைக்க வேண்டிய ஈடு ஒன்று. வாங்கியவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற ஈடு மற்றொன்று. முதல் வகை, குறித்த காலத்தில் மீட்காவிட்டால் கைமாறிப் போய்விடலாம். இரண்டாவது வகை ஒருநாளும் போகாது என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி தீர்மானமாகச் சொல்லிவிட்டது. நியாயம் விளங்குவதற்குச் சிரமமில்லை. மரத்தின் பழத்தைத் தின்றுகொண்டே இருப்பவன், நாளாயிற்று என்று சொல்லி மரத்தையும் கேட்கக் கூடாது.

கிரேக்கர்களும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பணத்துக்கு ஈடாக ஒரு பொருளின் உபயோகத்தைக் கொடுப்பதை அவர்கள் 'ஆன்டிக்ரீசிஸ்' என்றார்கள். ரோமாபுரியின் ஆட்சிக் காலத்து எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளில், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் கடனாளியின் வீட்டிலோ வீட்டின் ஒரு பங்கிலோ குடியிருக்கலாம் என்று எழுதிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. நைல் நதிக்கரையில் களிமண் வீட்டின் ஒரு பகுதியில் கடன்காரனும் மறு பகுதியில் கடன்பட்டவனும் குடியிருந்ததை நினைத்துப் பார்த்தால், வில்லியனூர் அவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

தமிழில் 'ஒற்றி' மிகப் பழைய சொல். சென்னைக்கு வடக்கே உள்ள திருவொற்றியூரின் பெயரை வைத்துக்கொண்டு, அடகு போன ஊர் என்று இறைவனையே கேலி செய்த அடியார்கள் உண்டு. படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்ததால்தானே அந்தச் சிலேடை செல்லுபடியாயிற்று!

பாகூருக்கே உரிய ஒரு சாட்சியமும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லுகின்றன. ஆசிரியர்களும் மாணாக்கர்களும் போய் ஏர் உழுதிருக்க மாட்டார்கள். உழுதவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள்; விளைவின் பலன் கல்விக்குப் போயிற்று. இது போக்கியம் அல்ல, தானம். ஆனால் ஒரு மண்ணில் இருப்பது வேறு, அதன் பலனைப் பெறுவது வேறு என்று பிரித்துப் பார்க்கும் புத்தி அந்த மண்ணுக்குப் பழக்கமானது என்று காட்டுவதற்கு இது போதும்.

* * *

புதுச்சேரியின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மைக்கூட்டைத் தட்டிவிட்டது போல, ஒரு பெரிய திட்டும் அதைச் சுற்றிப் பல சிறு திட்டுகளுமாக இருக்கும். புதுச்சேரியிலிருந்து பாகூருக்கோ நெட்டப்பாக்கத்துக்கோ பஸ்ஸில் போகிறவர், எல்லையைத் தாண்டித் தாண்டிப் போகிறார். ஒரு வயலின் இந்த வரப்பு புதுச்சேரி; அந்த வரப்பு கடலூர் மாவட்டமோ விழுப்புரம் மாவட்டமோ.

இந்த ஊர்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கதையும் ஒருவிதக் கொடுக்கல் வாங்கல்தான். 1749-ல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் உதவியால் சந்தா சாகிபின் கட்சி வென்றது. அந்த உதவிக்குக் கைம்மாறாக, 1749-க்கும் 1750-க்கும் இடையில், டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரருக்கு வந்தன. பிறகு யுத்தங்களில் கைமாறிக் கைமாறி, 1816-ல் கடைசியாக அவர்களிடம் திரும்பி, 1954 வரையில் நிலைத்தன. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்த மரியாதை பிறகு துணைநிலை ஆளுநருக்குப் போயிற்று.

கவர்னர் வடம் பிடித்ததோடு நிற்கவில்லை, சட்டமும் கொண்டுவந்தார். 1819-ல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் அமலுக்கு வந்தன. கலியாணம், வாரிசு போன்றவற்றில் இந்தியர்கள் தங்கள் ஜாதி வழக்கப்படியே நடந்துகொள்ளலாம் என்று விட்டார்கள். ஆனால் சொத்து, கிரயம், கடன் என்று வந்தபோது, நெப்போலியன் 1804-ல் செய்வித்த சிவில் சட்டம் மெல்ல மெல்ல நம் குடியானவனின் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. பத்திரம் எழுத 'நொத்தேர்' வந்தார்.

அந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அதில் 2085-ஆவது விதி முதல் நம்முடைய ஒற்றி அப்படியே கிடக்கிறது! பெயர் மட்டும் 'ஆன்டிக்ரேஸ்', பழைய கிரேக்கச் சொல்லின் பிரெஞ்சு உருவம். கடன் கொடுத்தவர் சொத்தின் பலனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சொத்தின் வரியையும் அவசியமான பழுதுபார்ப்பையும் அவரே கவனிக்க வேண்டும். பலனும் வட்டியும் ஒன்றுக்கொன்று சரி என்று இருவரும் பேசிக்கொள்ளலாம். கெடு தவறிற்று என்பதற்காகச் சொத்து கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது, ஆகும் என்று எழுதிக்கொண்டாலும் செல்லாது. பாரிஸில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் யாக்ஞவல்கியரைப் படித்திருக்க நியாயமில்லை. கடன் கொடுக்கிறவனின் ஆசை எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரி இருப்பதால், அதற்குப் போடும் கடிவாளமும் ஒரே மாதிரி அமைந்துவிட்டது போலும்.

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு கதவும் திறந்திருந்தது. அதற்கு 'ரெமெரே' என்று பெயர். திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சொத்தை விற்பது. வாங்கிய விலையைக் குறித்த கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தால் சொத்து திரும்பும். கெடு ஐந்து வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்தாவது வருஷத்தின் கடைசி நாள் சூரியன் அஸ்தமித்துவிட்டால் முடிந்தது, சொத்து வாங்கினவனுக்கே.

அவசரத்துக்குப் பணம் தேடி வருகிற குடியானவனுக்கு இந்த இரண்டு காகிதங்களுக்கும் உள்ள வித்தியாசம் எப்படித் தெரியும்? இரண்டிலும் அவனுக்குப் பணம் கிடைக்கிறது. இரண்டிலும் பணத்தைக் கொடுத்தால் சொத்து திரும்புகிறது. ஒன்றில் எத்தனை வருஷமானாலும் மண் அவனுடையது. மற்றொன்றில், மழை பொய்த்த இரண்டு வருஷம் சேர்ந்து வந்தால் போதும், மண் போய்விடும். பணம் கொடுக்கிறவன் எந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரனின் தென்னார்க்காட்டில், 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் நடந்தது. அங்கே ஒற்றிக்கு 'அனுபவ ஈடு' என்ற அந்தஸ்து. மீட்பதற்கு 60 வருஷம் வரையில் கோர்ட்டுக்குப் போகலாம். தாத்தா ஒற்றி வைத்ததைப் பேரன் மீட்டுவிடலாம். அந்தப் பக்கத்திலும் தந்திரம் இல்லாமல் இல்லை. கிரயம் என்று ஒரு பத்திரம், திருப்பித் தருவதாக வேறொரு பத்திரம் என்று இரண்டாக எழுதி, ஈட்டைக் கிரயமாக வேஷம் போட வைத்தார்கள். 1929-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அதை ஈடாகக் கருத முடியும் என்று வைத்தார்கள். படிக்கத் தெரிந்தவனுக்கு அது பாதுகாப்பு. படிக்கத் தெரியாதவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று நான் யோசித்ததுண்டு.

பிரெஞ்சுப் பக்கத்தில் வேறொரு நல்ல காரியம் நடந்தது. 1854 ஜனவரி 16-ஆம் தேதி வந்த ஓர் ஆணை, நிலத்தை அனுபவித்து வந்த குடிகளை அதன் முழுச் சொந்தக்காரர்களாக ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சொந்தமில்லாததை ஒற்றி வைக்க முடியாது. சொந்தம் வந்தவுடனே அதை வைத்துக் கடன் வாங்கும் வசதியும் வந்தது. கடனோடு அதை இழக்கும் வழியும் கூடவே வந்தது.

1880-ல் கொம்யூன்கள் ஏற்பட்டன. வில்லியனூரும் பாகூரும் ஆரம்பத்திலேயே கொம்யூன்களாயின. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூருக்கு அருகில் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறிற்று. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16-ல் முடிந்தது. ஆனால் கொடி மாறிய அன்றே சொத்துச் சட்டம் மாறிவிடவில்லை. 1968-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, சொத்து மாற்றுச் சட்டம் முதலிய இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு நீட்டியது. வரப்பின் இரு பக்கமும் ஒரே சட்டம் வந்தது அப்போதுதான். பிரான்சு தேசம் 2009-ல் 'ஆன்டிக்ரேஸ்' என்ற பெயரையே தன் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பெயர் போன பிறகும், அதன் உயிர் வில்லியனூரின் முன்கட்டுகளில் சௌக்கியமாக இருக்கிறது.

* * *

சட்டத்தை இத்தனை தூரம் சொல்லிவிட்டு மனிதர்களைச் சொல்லாமல் இருந்தால் கதை எழுதுகிறவனுக்கு அழகல்ல. வில்லியனூரில் நான் சந்தித்த ஒரு முதியவரைப் பற்றிச் சொல்கிறேன். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு குழி மனை இருந்தது. புதுச்சேரிப் பக்கத்தில் மனையைக் குழிக் கணக்கில் சொல்வது இன்றும் வழக்கம். ஒரு குழி 576 சதுர அடி. 1998-ல் அந்த மனையில் முன்கட்டு, பின்கட்டு, நடுவே சிறு முற்றம், கொல்லையில் கிணறு என்று ஒரு வீடு போட மூன்று லட்சம் தேவைப்பட்டது. சேமிப்பு 1,20,000. நகையை வைத்து 30,000. சீட்டு எடுத்து 50,000. மீதி ஒரு லட்சத்துக்கு முன்கட்டை மூன்று வருஷப் போக்கியத்துக்கு விட்டார். சுவர் எழும்பி, தளம் போடும் முன்பே பேச்சு முடிந்துவிட்டது.

"பேங்கிலே கேட்டிருக்கலாமே, ஐயா?" என்றேன்.

"கேட்டேன், தம்பி. சம்பளச் சீட்டைக் கொண்டா, ஜாமீனைக் கொண்டான்னாங்க. மில்லு அப்போ பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது. முன்கட்டுக்கு வந்தவரு ஒண்ணும் கேக்கலை. செவுத்தைத் தட்டிப் பார்த்தாரு. கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பார்த்தாரு. 'நீங்க எங்கே இருக்கப் போறீங்க'ன்னாரு. 'பின்கட்டிலேதான்'னேன். 'சரி'ன்னுட்டாரு."

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, போக்கியத்தைப் பற்றிப் படித்த சட்டமெல்லாம் எனக்கு வேறு விதமாக விளங்கத் தொடங்கியது. பணம் கொடுத்தவர் கேட்டது ஒரே ஒரு ஜாமீன்: நீ இங்கேயே படுத்து எழுந்திருப்பாயா? அதே கிணற்றில் தண்ணீர் இறைத்து, அதே வாசலில் போய் வருகிறவன், ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு எங்கே ஓடுவான்? வீட்டுக்காரர் பாதி வீட்டில் இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் அங்கே இருப்பதே பத்திரத்தில் எழுதப்படாத முதல் ஷரத்து.

மூன்று வருஷம் கழித்து என்ன நடந்தது? 2001-ல் முன்கட்டுக்காரர் சொந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு லட்சம் திரும்ப வேண்டும். முதியவரின் கையில் ஒரு லட்சம் ஏது? புதிதாக ஒரு குடும்பம் 1,25,000 கொடுத்து வந்தது. அதில் ஒரு லட்சம் பழையவருக்குப் போயிற்று. மீதி 25,000 நகையை மீட்பதில் கரைந்தது. 2004-ல் மூன்றாவது குடும்பம் 1,60,000 கொடுத்தது. கூடுதல் 35,000 மாடிப்படியாயிற்று. அந்தக் குடும்பம் ஐந்து வருஷம் இருந்தது. 2009-ல் ஓய்வுப் பணம் வந்தபோது, 1,60,000-ஐ எண்ணிக் கொடுத்தார். அதற்குப் பிறகு முன்கட்டு மாத வாடகைக்குப் போயிற்று.

"கட்டினது 98-லே. வாடகை வீடு ஆனது 2009-லே" என்று சிரித்தார்.

வட்டியில்லாத கடன் என்று இதைச் சொல்வது வாய்ப்பேச்சு. நூற்றுக்கு வருஷம் 12 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று வருஷத்துக்கு 36,000. அடுத்த மூன்று வருஷத்துக்கு 45,000. கடைசி ஐந்து வருஷத்துக்கு 96,000. ஆக 1,77,000 ரூபாய். இதை அவர் ரூபாயாகக் கொடுக்கவில்லை. இரண்டு அறையாகவும் ஒரு சமையல்கட்டாகவும் கொடுத்தார். ஆனால் மாதம் பிறந்ததும் கட்டு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பாதி நாள் ஓடாத மில்லில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் பெரிய விஷயம். முன்கட்டுக்காரருக்கும் ஒரு நஷ்டம் உண்டு: கொடுத்த ரூபாய்க்கும் திரும்பி வந்த ரூபாய்க்கும் எண் ஒன்றுதான், கடைத்தெருவில் மதிப்பு ஒன்றல்ல.

அவருடைய மனைவியை ஒன்று கேட்டேன்: "பதினோரு வருஷம் மூன்று குடும்பத்தோடு ஒரே கிணறு, சண்டை வரவில்லையா, அம்மா?"

"வராமலா? அந்த ரெண்டாவது வீட்டுப் பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்கு அம்மி அரைப்பா. ஒருநாள் கேட்டே விட்டேன். மறுநாள் பேச்சு இல்லை. அதுக்கு மறுநாள் என் மருமகளுக்கு வலி எடுத்துது. அவதான் ஆட்டோ பிடிச்சா."

* * *

அயல்நாடுகளிலும் பாதி வீட்டில் இருந்துகொண்டு வீடு சம்பாதித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன், ஊஸ்டர் நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் மூன்று தட்டு மர வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளிகள் ஒரு தட்டில் தாங்கள் இருந்துகொண்டு, மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கடனை அடைத்தார்கள். 1934-ல் அமெரிக்க சர்க்கார் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி கொடுக்கத் தொடங்கியபோது, நான்கு குடும்பம் வரையில் இருக்கக்கூடிய வீடுகளையும் அதில் சேர்த்துக்கொண்டது. அங்கே பணம் கொடுத்தது பாங்கு. குடியிருப்பவர் மாதா மாதம் அதை அடைக்க உதவினார். வில்லியனூரில் குடியிருப்பவரே பாங்கு. அந்த வித்தியாசம் சிறியதல்ல.

வில்லியனூருக்கு உண்மையான உடன்பிறப்பு கொரியாவில் இருக்கிறது. அங்கே 'ஜொன்ஸே' என்று பெயர். வீட்டு விலையில் பாதிக்கு மேற்பட்ட தொகையைக்கூட முதலிலேயே கொடுத்துவிட்டு, பெரும்பாலும் இரண்டு வருஷம் வாடகையில்லாமல் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போகும் வழக்கம். தென் கொரியாவில் எத்தனையோ பேர் அந்தப் பணத்தைக் கொண்டுதான் வீடு வாங்கினார்கள். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த வரையில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். 2022-ல் விலை இறங்கியதும், அடுத்துக் குடிவருகிறவர் கொடுக்கும் தொகை முந்தினவருக்குத் திருப்பப் போதவில்லை. ஒருவரே நூற்றுக்கணக்கான வீடுகளை இப்படி வாங்கிப் போட்டிருந்ததும் வெளியே வந்தது. வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்த இளைஞர்கள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-ல் ஒரு விசேஷச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்திருப்பவன் எந்த வீட்டின் பின்கட்டில் படுத்திருப்பான்? வில்லியனூர் முதியவரிடம் முன்கட்டுக்காரர் கேட்ட கேள்வியை அங்கே கேட்பதற்கே வழியில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாகூர்ப் பக்கத்தில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். கணவர் இறந்தபோது வந்த பணத்தில் நான்கு லட்சத்தை ஒரு வீட்டுக்குப் போக்கியமாகக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் அந்த வீட்டிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. முத்திரைத்தாளில் ஒரு பக்கம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. இரண்டாவது வருஷம் ஒருநாள் காலையில் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்த வீட்டை முன்பே ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்து வீட்டுக்காரர் கடன் வாங்கியிருக்கிறார்; கடன் கட்டவில்லை.

"நான் நாலு லட்சம் குடுத்திருக்கேன்னு சொன்னா, 'ரெண்டு வருஷம் வாடகை இல்லாம இருந்தீங்களேம்மா'ங்கறாங்க" என்றார் அந்த அம்மாள்.

அந்த ஒரு வாக்கியத்தில், வட்டியும் வாடகையும் சரிக்குச் சரி என்ற ஆயிரம் வருஷத்துக் கணக்கு அப்படியே கவிழ்ந்துபோயிற்று. அவர் கொடுத்த பணத்தின் வட்டியைத்தான் அவர் குடியிருந்து அனுபவித்தார். முதல் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இங்கே சரித்திரம் தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பழைய காலத்தில் பயந்தவன் சொத்துக்காரன். கடன் கொடுத்தவன் மண்ணை விழுங்கிவிடுவானோ என்பது பயம். யாக்ஞவல்கியரும் நெப்போலியனும் 1882-ஆம் வருஷத்துச் சட்டமும் அவனைத்தான் காப்பாற்றப் பார்த்தார்கள். அந்தக் காரியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2014-ல் நம் சுப்ரீம் கோர்ட்டும், அனுபவ ஈட்டை மீட்பதற்கான காலக்கெடு எழுதிய தேதியிலிருந்து ஓடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்று பயப்பட வேண்டியவர், பணத்தைக் கொடுத்துவிட்டு முன்கட்டில் குடியிருப்பவர். அவருடைய பணம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறிவிட்டது. செங்கல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போக முடியாது.

அவருக்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 100 ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு ஒற்றி எழுதினால், இரண்டு சாட்சிகளோடு பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1882-ஆம் வருஷத்துச் சட்டம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் அந்த ஒற்றி ஏறுகிறது. சொத்தின் மேலேயே அவருக்குப் பிடி கிடைக்கிறது. அந்தச் சொத்திலிருந்து பணத்தை வசூலிக்க 12 வருஷம் வரையில் வழக்குப் போடலாம். பதிவு செய்யாவிட்டால் அது வெறும் கைமாற்றுக் கடன் போல. அதற்கு 3 வருஷம்தான். பணம் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால், பதிவான அடமானம் எதுவும் அதிலேயே தெரிந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் பலர் பதிவு செய்வதில்லை. முத்திரைக் கட்டணம் ஒரு காரணம். "பக்கத்துக் கட்டிலே இருக்கிறவரிடம் போய்ப் பதிவு ஆபீசுக்கு வா என்று எப்படிக் கூப்பிடுவது?" என்ற கூச்சம் அதைவிடப் பெரிய காரணம்.

அந்தக் கூச்சம் வில்லியனூர்ப் பின்கட்டில் நியாயம். அங்கே பத்திரத்தின் வேலையை ஒரே கிணறு செய்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் அந்த வீட்டில் இல்லாத இடத்தில் அந்தக் கூச்சத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரே கூரை போன இடத்தில் ஒரு பதிவுப் பத்திரமாவது இருக்க வேண்டும்.

வில்லியனூரிலும் பாகூரிலும் புதிய மனைப் பிரிவுகள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன. பாதிப் பணத்தோடு முழு வீடு கட்ட நினைப்பவர்களும், ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகைக் கவலையில்லாமல் சில வருஷம் இருக்க நினைப்பவர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாங்குக்காரர் கதவைச் சாத்திய பிறகும் ஒரு கதவு திறந்திருப்பது நல்லதே. அந்தக் கதவுக்குள் நுழைகிறவர் சுவரைத் தட்டிப் பார்க்கட்டும். தண்ணீரைக் குடித்துப் பார்க்கட்டும். வில்லங்கம் போட்டுப் பார்க்கட்டும். வீட்டுக்காரர் எங்கே இருக்கப் போகிறார் என்று கேட்க மட்டும் மறந்துவிட வேண்டாம்.